மார்பகப் பெருக்க அறுவை சிகிச்சை: முடிவெடுக்கும் முன் பெண்கள் சரிபார்க்க வேண்டியவை என்ன?

புதுதில்லி: பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த பாலி இம்ப்ளான்ட் புரோதேஸ் (பிஐபி) என்ற நிறுவனத்தின் மார்பக உள்வைப்புகளை, 2010 மார்ச் மாதத்தில் அந்நாட்டின் ஒழுங்குமுறை அமைப்பு சந்தையிலிருந்து விலக்கியது. மருத்துவப் பயன்பாட்டுக்கு அனுமதிக்கப்பட்ட சிலிகானுக்குப் பதிலாக, விலை குறைந்த தொழிற்சாலைத் தர சிலிகானை அந்நிறுவனம் நிரப்பி வந்தது தெரியவந்ததே இதற்குக் காரணம். அதற்குள் பல நாடுகளில் சுமார் 3 லட்சம் பெண்களுக்கு அவை பொருத்தப்பட்டிருந்தன. செய்தி வெளியானதும் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்கள் தெரிந்துகொள்ள விரும்பியது ஒன்றைத்தான்: தங்கள் உடலில் இருப்பது எந்த நிறுவனத்தின் தயாரிப்பு? அதற்கான ஆவணம் பலரிடம் இல்லை. சில மருத்துவமனைகளிடமும் இல்லை.

அந்நிறுவனத்தின் நிறுவனர் 2013-இல் சிறைத் தண்டனை பெற்றார். பிரிட்டன் அரசு நியமித்த மறு ஆய்வுக் குழுவின் பரிந்துரைப்படி, 2016 முதல் அங்கு மார்பக உள்வைப்புகளுக்கான தேசியப் பதிவேடு செயல்படுகிறது. ஆஸ்திரேலியா, நெதர்லாந்து ஆகிய நாடுகளிலும் இத்தகைய பதிவேடுகள் உள்ளன. இந்தியாவில் இந்த அறுவை சிகிச்சையை நாடும் பெண்ணுக்கு, அவரே சேகரித்துப் பாதுகாக்கும் கோப்புதான் நம்பகமான பதிவேடு. ஆகவே, அறுவை சிகிச்சைக்கான தயாரிப்பு, மருத்துவமனையில் சேரும் நாளுக்குப் பல வாரங்கள் முன்பே தொடங்கியாக வேண்டும்.

உள்வைப்பு என்பது என்ன?

மார்பகத்தின் அளவையும் வடிவத்தையும் கூட்டுவதற்காக, இம்ப்ளான்ட் எனப்படும் உள்வைப்பை மார்பகத் திசுவுக்கு அடியிலோ, மார்புத் தசைக்கு அடியிலோ பொருத்துவதே இந்த அறுவை சிகிச்சை. உள்வைப்பின் வெளி உறை சிலிகானால் ஆனது. உள்ளே சிலிகான் ஜெல் அல்லது உப்புநீர் நிரப்பப்பட்டிருக்கும். பெரும்பாலும் முழு மயக்க மருந்து கொடுத்து, ஏறத்தாழ 1 முதல் 2 மணி நேரத்தில் இது செய்து முடிக்கப்படுகிறது. மார்பகத்தின் கீழ் மடிப்பு, முலைக்காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் விளிம்பு, அக்குள் ஆகிய மூன்று இடங்களில் ஒன்றில் கீறல் இடப்படும். உடலின் வேறொரு பகுதியிலிருந்து கொழுப்பை எடுத்துச் செலுத்தும் முறையும் உண்டு. ஆனால், செலுத்திய கொழுப்பில் ஒரு பகுதியை உடல் உறிஞ்சிக்கொள்வதால், அளவில் பெரிய மாற்றத்தை அம்முறையில் எதிர்பார்க்க இயலாது.

சிலிகான் உள்வைப்பு முதன்முதலாக ஒரு பெண்ணுக்குப் பொருத்தப்பட்டது 1962-இல், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில். பாதுகாப்பு குறித்த ஐயங்களால் 1992-இல் சிலிகான் ஜெல் உள்வைப்புகளுக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் கடும் கட்டுப்பாடு விதித்தது. 2006-இல்தான் அழகியல் பயன்பாட்டுக்கு மீண்டும் ஒப்புதல் கிடைத்தது. 60 ஆண்டுகளைக் கடந்த இந்தச் சாதனம் குறித்து மருத்துவ உலகம் இன்று உறுதியாகச் சொல்லும் செய்தி, அது ஆயுள் முழுவதற்குமானது அன்று என்பதாகும். மார்பகப் பெருக்கத்துக்காக உள்வைப்பு பொருத்திக்கொள்ளும் பெண்களில் 5 பேரில் ஒருவர் வரை, 8 முதல் 10 ஆண்டுகளுக்குள் அதை அகற்ற நேரிடுவதாக அமெரிக்க நிர்வாகம் தெரிவிக்கிறது. 25 வயதில் இதைச் செய்துகொள்ளும் பெண், வாழ்நாளில் இன்னும் ஓரிரு முறையாவது அறுவை அரங்குக்குத் திரும்ப வேண்டியிருக்கலாம் என்ற கணக்கோடுதான் முடிவெடுக்க வேண்டும். விளம்பரங்களில் இந்தக் கணக்கு இடம்பெறுவதில்லை.

பெயர்ப்பலகையும் பட்டமும்

'காஸ்மெட்டிக் சர்ஜன்' என்று பெயர்ப்பலகையில் எழுதியிருப்பது தனியொரு தகுதியை உணர்த்துவதில்லை. இந்தியாவில் பிளாஸ்டிக் அறுவை சிகிச்சையில் முறையான உயர் பயிற்சி பெற்றவர், எம்.பி.பி.எஸ். பட்டத்துக்கும் பொது அறுவை சிகிச்சை முதுநிலைப் பட்டத்துக்கும் பிறகு எம்.சிஎச். பட்டமோ, தேசியத் தேர்வு வாரியத்தின் டி.என்.பி. அல்லது டிஆர்.என்.பி. பட்டமோ பெற்றிருப்பார். சில வாரப் பயிற்சிக்கான சான்றிதழையும் வெளிநாட்டுச் சங்கங்களின் உறுப்பினர் அட்டையையும் இதற்கு இணையாகக் கொள்ள முடியாது.

மருத்துவரின் பதிவு எண்ணைக் கேட்டுப் பெற்று, தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் உள்ள இந்திய மருத்துவப் பதிவேட்டிலோ, மாநில மருத்துவ மன்றத்தின் பதிவேட்டிலோ எவரும் சரிபார்க்கலாம். மருந்துச் சீட்டிலும் கட்டண ரசீதிலும் பதிவு எண்ணைக் குறிப்பிடுவது மருத்துவரின் கடமை. எனவே அதைக் கேட்பதில் தயக்கம் தேவையில்லை. கேட்டதற்காக முகம் சுளிக்கும் இடத்தை விட்டு எழுந்து வருவதே நல்லது.

மருத்துவர்கள் விளம்பரம் செய்து நோயாளிகளை ஈர்ப்பதை, இன்றும் நடைமுறையில் உள்ள 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் அனுமதிப்பதில்லை. அப்படியிருந்தும் சமூக ஊடகங்களில் 'முன்பு - பின்பு' படங்களும், பண்டிகைக் காலத் தள்ளுபடிகளும் குவிந்து கிடக்கின்றன. பெரும்பாலான படங்கள் அறுவை சிகிச்சை முடிந்த சில வாரங்களில் எடுக்கப்பட்டவை. ஐந்து ஆண்டுகள் கழித்து அதே பெண்ணின் நிலை என்ன என்பதை அவை காட்டுவதில்லை. ஆலோசனையின்போது கேட்க வேண்டியது வேறு: இந்த அறுவை சிகிச்சையை மருத்துவர் ஆண்டுக்கு எத்தனை முறை செய்கிறார், அவர்களில் எத்தனை பேருக்கு மீண்டும் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது, சிக்கல் நேர்ந்தால் அதை அவரே கவனிப்பாரா?

மருத்துவமனையைப் பற்றிய விசாரணையும் அதே அளவு முக்கியமானது. முழு மயக்க மருந்து தரப்படும் இடத்தில், அறுவை சிகிச்சை முடியும் வரை உடனிருக்கும் தகுதி பெற்ற மயக்கவியல் நிபுணர், உயிர்காப்புக் கருவிகள், தேவைப்பட்டால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றும் வசதி ஆகியவை இருக்க வேண்டும். அழகு நிலையத்தின் மாடியில் இயங்கும் சிறு கிளினிக்கில் இவை இருப்பது அரிது.

களிம்பு, மாத்திரை மூலம் மார்பகத்தைப் பெரிதாக்கலாம் என்ற விளம்பரங்களைப் பொறுத்தவரை சட்டம் தெளிவாகவே உள்ளது. பெண்களின் மார்பக வடிவத்தையும் அமைப்பையும் மாற்றுவதாகக் கூறி மருந்துகளை விளம்பரப்படுத்துவதை, 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. கைப்பேசித் திரைகளுக்கு அந்தச் சட்டம் இன்னும் வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை.

எந்த உள்வைப்பு, எந்த அளவு?

மார்பக உள்வைப்பு ஒரு மருத்துவச் சாதனம். மருத்துவச் சாதனங்கள் விதிகள், 2017-இன் கீழ் உரிய உரிமம் பெற்ற சாதனங்களையே இறக்குமதி செய்து விற்க முடியும். மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை மேற்பார்வையிடுகிறது. பொருத்தப்படவுள்ள சாதனத்தின் நிறுவனம், வகை, மேற்பரப்பு, அளவு ஆகியவற்றை அறுவை சிகிச்சைக்கு முன்பே எழுத்தில் பெறுவது அவசியம். ஒவ்வொரு உள்வைப்பின் பெட்டியிலும் வரிசை எண், தொகுதி எண் அச்சிட்ட ஒட்டுச்சீட்டுகள் இருக்கும். அவற்றில் ஒன்றை மருத்துவமனைப் பதிவேட்டில் ஒட்டுவார்கள். மற்றொன்றை உள்வைப்பு அட்டையில் ஒட்டி, அறுவை சிகிச்சை செய்துகொண்டவரிடம் வழங்க வேண்டும். இடது, வலது இரண்டுக்கும் தனித்தனி எண் உண்டு. பிஐபி விவகாரத்தில் பல பெண்களின் கையில் இல்லாமல் போனது இந்தச் சீட்டுதான்.

மேற்பரப்பின் தன்மை குறித்தும் கேட்டறிய வேண்டும். சொரசொரப்பான மேற்பரப்புடைய உள்வைப்புகளைச் சுற்றி, அரிய வகை நிணநீர்ப் புற்றுநோய் உருவாகக்கூடும் என்பது 2011 முதல் விவாதிக்கப்பட்டு வந்தது. 2019 ஏப்ரலில் பிரான்ஸ் சில வகைகளுக்குத் தடை விதித்தது. அதே ஆண்டு ஜூலையில் அலெர்கன் நிறுவனம் தனது 'பயோசெல்' வகை உள்வைப்புகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது. இது மார்பகப் புற்றுநோய் அன்று. உள்வைப்பைச் சுற்றி உருவாகும் வடு உறையில் தோன்றுவது. பொருத்திப் பல ஆண்டுகள் கழித்து ஒரு பக்க மார்பகம் திடீரென வீங்குவது இதன் முக்கிய அறிகுறி. தொடக்கத்திலேயே கண்டறிந்தால், உள்வைப்பையும் உறையையும் முழுமையாக அகற்றுவதன் மூலம் பெரும்பாலோர் குணமடைகின்றனர்.

அளவைப் பொறுத்தவரை, உள்வைப்புகள் கன சென்டிமீட்டரில், அதாவது 'சிசி' கணக்கில் அளக்கப்படுகின்றன. ஆடைக் கடையில் சொல்லும் 'கப்' அளவு இங்கே உதவாது. பெண்ணின் மார்பு அகலம், தோலின் நெகிழ்ச்சி, ஏற்கெனவே உள்ள திசுவின் தடிமன் ஆகியவற்றை அளந்தே மருத்துவர் பொருத்தமான வரம்பைச் சொல்வார். அந்த வரம்புக்குள் தேர்வு செய்ய எளிய வழி ஒன்று உள்ளது. அளவுக் குவளையில் 250 அல்லது 300 மில்லிலிட்டர் அரிசியை அளந்து, மெல்லிய காலுறையில் கட்டி, இறுக்கமான விளையாட்டு உள்ளாடைக்குள் வைத்து வீட்டில் சில நாள்கள் நடமாடிப் பார்ப்பதுதான் அது. படியேறும்போதும், குனிந்து வேலை செய்யும்போதும் அந்த எடை எப்படி இருக்கிறது என்பது கண்ணாடி சொல்லாத செய்தி. உடலமைப்பு தாங்கும் அளவுக்கு மேல் பெரிய உள்வைப்பைத் தேர்ந்தெடுத்தால், திசு மெலிந்து தொய்வு ஏற்படும் வாய்ப்பும் மறு அறுவை சிகிச்சைக்கான வாய்ப்பும் கூடுகின்றன.

சிக்கல்களைப் பெயர் சொல்லிக் கேட்பது நல்லது. உள்வைப்பைச் சுற்றி உடல் இயல்பாக உருவாக்கும் வடு உறை சிலருக்குச் சுருங்கி இறுகி, மார்பகத்தைக் கடினமாக்கி வலியையும் உருக்குலைவையும் ஏற்படுத்தும். மறு அறுவை சிகிச்சைக்கு இட்டுச் செல்லும் காரணங்களில் இது முன்னணியில் உள்ளது. சிலிகான் ஜெல் உள்வைப்பு கிழிந்தாலும் வெளியே எந்த அறிகுறியும் தெரியாமல் போகலாம். முலைக்காம்பின் உணர்ச்சி குறையலாம் அல்லது அளவுக்கு மீறிக் கூடலாம். ரத்தக்கட்டு, கிருமித்தொற்று ஆகியவை எந்த அறுவை சிகிச்சைக்கும் உரிய ஆபத்துகள். சோர்வு, மூட்டு வலி, மறதி போன்ற பொதுவான உபாதைகளை உள்வைப்புடன் தொடர்புபடுத்தும் பெண்கள் பலர் உள்ளனர். அதற்கான காரணம் இன்னும் ஆய்வில் இருந்தாலும், இதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என 2021-இல் அமெரிக்க நிர்வாகம் கட்டாயமாக்கிய எச்சரிக்கை வாசகத்தில் சேர்க்கப்பட்டது. அதனுடன் வெளியான, நோயாளியும் மருத்துவரும் சேர்ந்து வாசித்துக் கையெழுத்திடும் சரிபார்ப்புப் பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இந்திய மருத்துவர்களை அது கட்டுப்படுத்தாது. எனினும், ஆலோசனைக்குச் செல்லும் பெண்ணுக்கு அதைவிட முழுமையான கேள்வித்தாள் கிடைப்பது கடினம்.

செலவு: ரசீதில் வராத பகுதி

அழகியல் அறுவை சிகிச்சையை மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் பொதுவாக ஏற்பதில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் தரப்படுத்தப்பட்ட விலக்குப் பட்டியலில் இது இடம்பெற்றுள்ளது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய மறுசீரமைப்புக்கும், மருத்துவ ரீதியில் அவசியமான சிகிச்சைக்கும் மட்டும் இந்த விலக்கு பொருந்தாது. அழகியல் அறுவை சிகிச்சையால் பின்னர் நேரும் சிக்கலுக்குக் காப்பீடு கிடைக்குமா என்பதையும் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுவது பாதுகாப்பானது.

வரி விஷயம் பலரும் கவனிக்காதது. மருத்துவச் சேவைகளுக்குச் சரக்கு மற்றும் சேவை வரியிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் அழகியல் அறுவை சிகிச்சைக்கு அந்த விலக்கு இல்லை. 18 சதவீத வரி உண்டு. பிறவிக் குறைபாடு, வளர்ச்சிக் குறைபாடு, காயம் ஆகியவற்றால் பாதிக்கப்பட்ட உறுப்பைச் சீரமைப்பதற்கு மட்டும் விலக்கு அளிக்கப்படுகிறது. ஒரு மருத்துவமனை 2 லட்சம் ரூபாய் எனச் சொல்லும் தொகையில் வரி சேராவிட்டால், ரசீதில் மேலும் 36,000 ரூபாய் கூடும். அறுவை சிகிச்சைக் கட்டணம், உள்வைப்பின் விலை, மயக்க மருந்துக் கட்டணம், அறை வாடகை, பரிசோதனைகள், வரி ஆகியவற்றைத் தனித்தனியாகக் குறிப்பிடும் மதிப்பீட்டைக் கேட்பது நுகர்வோரின் உரிமை. பல ஆண்டுகள் கழித்து வரக்கூடிய ஸ்கேன் செலவையும், அகற்றவோ மாற்றவோ ஆகும் செலவையும் அந்த மதிப்பீட்டில் எவரும் எழுதித் தருவதில்லை. கடன் வாங்கிச் செய்துகொள்ள எண்ணுபவர்கள் குறிப்பாக இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

அரசு மருத்துவமனைகளில் இதற்கு முன்னுதாரணம் உண்டு. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 2018 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட மார்பகச் சிகிச்சைப் பிரிவு, உள்வைப்பு பொருத்துவது உள்ளிட்ட அறுவை சிகிச்சைகளைக் கட்டணமின்றி வழங்கும் என அறிவிக்கப்பட்டது. அரசுப் பணம் அழகுக்குச் செலவாகலாமா என்ற விவாதத்தை அது எழுப்பியது. வசதியற்ற பெண்கள் தரமற்ற இடங்களை நாடுவதைத் தடுக்கும் என்பது மறுதரப்பின் வாதம்.

உடலும் மனமும் தயாரா?

அறுவை சிகிச்சைக்கு முன் மார்பகப் பரிசோதனை தவிர்க்கக்கூடாதது. இந்தியப் பெண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். 40 வயதைக் கடந்தவர்களுக்கு மேமோகிராமும், இளம் பெண்களுக்குத் தேவைக்கேற்ப அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் எடுக்கப்படும். உள்வைப்பு பொருத்திய பின் எடுக்கும் மேமோகிராமில் திசுவின் ஒரு பகுதி மறைக்கப்படலாம். உள்வைப்பைப் பின்னுக்குத் தள்ளி எடுக்கும் கூடுதல் படங்கள் அதற்குத் தேவை. எனவே முந்தைய படங்களைப் பத்திரப்படுத்துவதும், பின்னாளில் ஸ்கேன் மையத்தில் உள்வைப்பு இருப்பதை முதலிலேயே தெரிவிப்பதும் முக்கியம். குடும்பத்தில் தாய், சகோதரி என எவருக்கேனும் மார்பகப் புற்றுநோயோ, கருப்பைப் புற்றுநோயோ, சினைப்பைப் புற்றுநோயோ இருந்திருந்தால் அதை மறைக்கக்கூடாது.

அமெரிக்காவில் அழகியல் நோக்கத்துக்கு உப்புநீர் உள்வைப்பு 18 வயதுக்கு மேலும், சிலிகான் ஜெல் உள்வைப்பு 22 வயதுக்கு மேலும் மட்டுமே அனுமதிக்கப்பட்டுள்ளன. மார்பக வளர்ச்சி இருபதுகளின் தொடக்கம் வரை தொடரலாம் என்பது இதற்கு ஒரு காரணம். கர்ப்பமும் பாலூட்டலும் மார்பகத்தின் வடிவத்தை மாற்றுவதால், விரைவில் குழந்தை பெறும் எண்ணம் உள்ளவர்கள் தள்ளிப்போடுவது நல்லது. பாலூட்டி முடித்த பின் குறைந்தது 3 முதல் 6 மாதங்கள் காத்திருக்கும்படி மருத்துவர்கள் கூறுவர். உள்வைப்புடன் பாலூட்டும் பெண்கள் பலர் உள்ளனர். எனினும் கருவட்டத்தின் விளிம்பில் கீறல் இட்டால் பால் சுரப்பு பாதிக்கப்படும் வாய்ப்பு கூடுதல்.

யாருடைய விருப்பத்துக்காக இது செய்யப்படுகிறது என்ற கேள்வியை நேர்மையான மருத்துவர் கேட்பார். கணவரோ, வரப்போகும் மாப்பிள்ளை வீட்டாரோ வற்புறுத்தினால் அதைத் தனிமையில் மருத்துவரிடம் சொல்ல வாய்ப்பு இருக்க வேண்டும். எவர் கண்ணுக்கும் தெரியாத குறை தன் உடலில் இருப்பதாக ஓயாமல் வருந்தும் மனநிலைக்கு அறுவை சிகிச்சை தீர்வாகாது. அத்தகையோருக்கு மனநல மருத்துவரின் ஆலோசனையே முதலில் தேவை.

புகைப்பிடிப்பவர்கள் அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது 4 வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். நிகோடின் ரத்த ஓட்டத்தைக் குறைத்து, காயம் ஆறுவதைத் தடுக்கிறது. ஆஸ்பிரின், சில வலி நிவாரணிகள், வைட்டமின் ஈ, மீன் எண்ணெய் மாத்திரைகள் ஆகியவை ரத்தக் கசிவை அதிகரிக்கக்கூடும். 'அது மருந்தில்லை, மூலிகைதான்' என்று பலர் சொல்லாமல் விடும் பொடிகளும் லேகியங்களும் இதே பட்டியலில் சேரும். எடை குறைக்கும் ஊசி மருந்துகள் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துவதால், அவற்றைப் பயன்படுத்துவோர் மயக்கவியல் நிபுணரிடம் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். இதய நோய்க்காகவோ பக்கவாதத்துக்காகவோ ரத்தம் உறையாமல் இருக்க மருந்து உட்கொள்வோர், அதைத் தாமாக நிறுத்தக்கூடாது.

கையெழுத்துக்கு முன்

ஒப்புதல் படிவத்தை அறுவை சிகிச்சை நாளன்று காலையில், படுக்கையில் வைத்து நீட்டுவது பல இடங்களில் வழக்கம். அதை ஒரு வாரம் முன்பே பெற்று வீட்டில் நிதானமாகப் படிக்கலாம். சிகிச்சையின் தன்மை, நோக்கம், பலன், மாற்று வழிகள், முக்கிய ஆபத்துகள் ஆகியவற்றைப் போதுமான அளவு விளக்கிய பின் பெறப்படும் ஒப்புதலே செல்லும் என உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் தீர்ப்பளித்துள்ளது. ஒரு சிகிச்சைக்குப் பெற்ற ஒப்புதலைக் கொண்டு, உயிர் காக்கும் அவசரம் இல்லாத நிலையில், வேறொரு சிகிச்சையைச் செய்ய முடியாது என்பதும் அத்தீர்ப்பின் சாரம். படம் எடுத்து விளம்பரத்துக்குப் பயன்படுத்த அனுமதி தரும் வரி படிவத்துக்குள் ஒளிந்திருந்தால், அதை அடித்துவிட்டுக் கையெழுத்திடலாம்.

அறுவை சிகிச்சைக்கு முன் திட உணவை 6 மணி நேரத்துக்கு முன்பும், எண்ணெயில் பொரித்த உணவை 8 மணி நேரத்துக்கு முன்பும், வெறும் தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்துவது பொதுவான விதி. மயக்கவியல் நிபுணர் வேறு நேரம் சொன்னால் அதுவே இறுதி. முதல் 24 மணி நேரம் வீட்டில் பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். கைகளை மேலே உயர்த்துவது கடினமாக இருக்கும் என்பதால், முன்புறம் கொக்கியோ பொத்தானோ வைத்த ஆடைகளை முன்கூட்டியே எடுத்து வைப்பதும், அடிக்கடி தேவைப்படும் பாத்திரங்களை உயர அலமாரியிலிருந்து கீழே இறக்கி வைப்பதும் உதவும். அமர்ந்து செய்யும் வேலைக்கு ஏறத்தாழ ஒரு வாரத்தில் திரும்பலாம். தண்ணீர்க் குடம் தூக்குவது, குழந்தையை இடுப்பில் வைப்பது, இருசக்கர வாகனம் ஓட்டுவது ஆகியவற்றுக்குப் பல வாரங்கள் ஆகலாம். சிறு குழந்தை உள்ள வீட்டில் இதற்கு மாற்று ஏற்பாடு இல்லையென்றால் தேதியை மாற்றுவதே மேல்.

ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கிக் கடுமையாக வலித்தாலோ, காய்ச்சலுடன் தோல் சிவந்தாலோ, மூச்சுத்திணறல் அல்லது கெண்டைக்காலில் வலி ஏற்பட்டாலோ, அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திராமல் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அதன் பின்னரும் கண்காணிப்பு முடிவதில்லை. அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும், சிலிகான் ஜெல் உள்வைப்பு கிழிந்துள்ளதா என்பதை அறிய 5 முதல் 6 ஆண்டுகளில் முதல் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்ஆர்ஐ ஸ்கேனும், பின்னர் 2 முதல் 3 ஆண்டுகளுக்கு ஒரு முறையும் எடுக்க அமெரிக்க நிர்வாகம் பரிந்துரைக்கிறது. இந்தியாவில் மருத்துவச் சாதனங்களால் ஏற்படும் பாதிப்புகளைத் திரட்டும் திட்டம் 2015 ஜூலை முதல் செயல்படுகிறது. காஸியாபாதில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம் இதை ஒருங்கிணைக்கிறது. மருத்துவர் மட்டுமன்றி பாதிக்கப்பட்ட பெண்ணே நேரடியாகவும், 1800-180-3024 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் புகார் அளிக்கலாம். புகார்ப் படிவத்தில் சாதனத்தின் பெயர், தயாரிப்பு நிறுவனம், தொகுதி எண், வரிசை எண் ஆகியவற்றுக்கு இடம் விடப்பட்டுள்ளது.